கரையாதிருத்தல்

உப்சாலாவில் ஜனவரி.
மூன்றரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது.
இரண்டாம் மாடி ஆய்வகத்தில் யில்வா
கண்ணாடிக் குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள்.
நேற்றுத் தெளிந்திருந்த திரவம்
இன்று கட்டஞ்சாயா நிறம்.
மறுபடியும் ஓடிப்போச்சு, என்கிறாள்.
பதினேழாவது மின்கலம்.

கார்பன், ஆக்சிஜன், கொஞ்சம் ஹைட்ரஜன்:
அக்ரூட் காயின் பச்சைத் தோலில் ஒளிந்திருக்கும்
சாயத்துக்கு ஒன்றுவிட்ட உறவு.
இதற்காகக் காங்கோவில் யாரும் குழிக்குள் இறங்க வேண்டாம்.
உலோகப் படிகத்துக்குள் போல
அயனிகள் இடித்துப் பிடித்து நுழையவும் வேண்டாம்.
வந்த எலக்ட்ரானை வாசலிலேயே கைநீட்டி வாங்கும்,
கேட்டால் முகம் சுளிக்காமல் திருப்பித் தரும்.
தொண்ணூறு நொடியில் வயிறு நிறையும்.
ஒரே ஒரு கெட்ட பழக்கம்.
நிறைந்ததும் கரைந்துவிடும்.

கரை என்ற சொல்லில் நமக்கு
ஒதுங்க இடமும் உண்டு,
இல்லாமல் போவதும் உண்டு.
யில்வாவிடம் இருப்பது கறை மட்டும்.
வலக்கை விரல் மூன்றில், சோப்புக்கு மசியாத பழுப்பு.
மகனின் பள்ளிக்கூட்டத்தில் ஆசிரியை
பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.
சிகரெட் என்று நினைத்திருப்பாள்.

தனித்தனியாக விட்டால் ஓடத்தான் செய்யும்,
சங்கிலியில் கோத்துவிடு என்றான் மெஹ்தாத்.
கோத்தார்கள்.
நீண்ட பாலிமர் முதுகில், ஒவ்வொன்றாய், ஐந்து வாரம்.
எடையில் பாதி சங்கிலிக்கே போயிற்று.
அந்த எண்ணைப் பார்த்தபடி
காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.
ஒன்றைப் பிடித்துவைக்க
எவ்வளவு வெறும் சுமை.

குப்பியைச் சன்னலுக்கு வெளியே
மைனஸ் பத்தொன்பதில், பனித்திட்டில் நட்டு
கம்பியை மட்டும் உள்ளே இழுத்தாள்.
அமிலம் உறையவில்லை.
திரையில் கோடு ஏறியது.
தொண்ணூறு இல்லை, நூற்றுப்பத்து நொடி.
சரி, இறங்கட்டும்.
இறங்கியது. ஏறியது.
நூறாவது சுற்றில் மெஹ்தாத் கோட்டை மாட்டிக்கொண்டான்.
அவள் நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டாள்.

காலை ஏழு. இன்னும் இருட்டு.
கூரைமேல் சின்னக் காகங்கள்
நூற்றுக்கணக்கில் கரைகின்றன.
இருநூற்று நாற்பத்தோராம் சுற்று.
சன்னலைத் திறந்து, குப்பியை எடுத்து,
பனியை முழங்கையால் துடைத்து
விளக்கின் கீழே சாய்க்கிறாள்.
ஒன்றுமில்லை.
அடியில் மட்டும் ஒரு மயிரிழை மஞ்சள்,
விளக்கின் மஞ்சளாகவும் இருக்கலாம்.

குறிப்பேட்டில் எழுதுகிறாள்: தெளிவு.
பேனாவை மூடுகிறாள். திறக்கிறாள்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
முடிந்தவரை சிறியதாக.