கடைசி ஆள்

நடைக் குழுவில் எனக்குக் கடைசி ஆள் வேலை.
எல்லாருக்கும் பின்னால் வரவேண்டும்,
எனக்குப் பின்னால் யாரும் வந்துவிடக் கூடாது.
இருபத்திரண்டு வருஷம் தொண்டி வண்டியில்
பின்படிக்கட்டில் நின்றவனுக்கு
வேறு என்ன கொடுப்பார்கள்.
கழுத்தில் அதே விசில்.

ஆற்றங்கரையில் டீ குடித்துக் கிளம்பும்போது
என்னோடு பதினான்கு.
சீமைக்கருவேலத்துக்குள் குனிந்து நுழைந்து
முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதும் பதினான்கு.

முன்னால் போனவர்கள் பூநாரை பார்த்தார்கள்.
நான் பார்த்தது
அது நின்றுவிட்டுப் போன இடம்.
கடைசி ஆளுக்குக் கிடைப்பது சேற்றில் தடங்கள்தான்.
பல் டாக்டர் ரமீஸா குதிகாலை ஊன்றி நடக்கிறார்.
சவரியப்பன் வலதுகாலை இழுக்கிறார்,
கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.
பஸ்ஸிலேயே பேச்சை நிறுத்திவிட்ட
பூமயிலும் அவள் புருஷனும் ஆளுக்கொரு ஓரம்.
நண்டு வளைகள் நெருங்குமிடத்தில்
ஒருவர் தடத்தின்மேல் ஒருவர்.
சமாதானமெல்லாம் இல்லை,
பாதை அவ்வளவுதான் அகலம்.

உமரியை ஒரு கிள்ளு மென்றேன். உப்பு.
அதற்குள் நான்கு பேர் கண்ணுக்குத் தப்பிவிட்டார்கள்,
விசில் கொடுத்தேன்.

முகத்துவாரம் மூடிக் கிடந்தது.
ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே
நான்கு பாய் விரிக்கிற அளவு மணல்.
வருசநாட்டில் ஏறி
மதுரையில் பாதி இறங்கி
பெரிய கண்மாயில் மிச்சமும் இறங்கி
கொஞ்சூண்டு தண்ணீர்
கடைசி நிறுத்தம் வந்தும்
எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது.
அப்படிப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும்.
தோளைத் தட்டினால்
"வந்திருச்சா?" என்பார்கள்.

புளிச்சோறு தீர்ந்ததும்
பூமயில் டிபன் மூடியால் மணலைக் கீறினாள்.
சும்மாதான்.
அவள் புருஷன் எதிர்ப்பக்கமிருந்து
கையாலேயே தோண்டிக்கொண்டு வந்தான்.
பிறகு ரமீஸா, பிறகு எல்லாரும்,
முட்டிவரை ஈரமாக, வயது மறந்து.
ஒரு சாண் அகலத்தில் வழி திறந்தது.

ஆறு நகரவில்லை.
இறங்குகிறவரை விடாமல்
முண்டியடித்து ஏறும் கூட்டம் மாதிரி
கடல் உள்ளே வந்தது.
"ஏத்தம்ல இப்ப" என்றார் சவரியப்பன்,
தெரிந்துகொண்டே தோண்டியவர்.

திரும்பும்போது பாதைமேல் தண்ணீர்.
தடம் ஒன்றுமில்லை, எனக்கு வாசிக்க எதுவுமில்லை.
முதுகுகளை எண்ணினேன். பன்னிரண்டு.
விசிலை ஊதினால்
உள்ளே மணல். வெறும் காற்று.

சவரியப்பன் எனக்குப் பின்னால் நின்றார்,
காலை மாற்றி மாற்றி.
"நீங்க போங்க, நான் மெதுவா வாரேன்."
அது என் வேலை என்றேன்.
"போங்கங்கிறேன்."
நீங்கள் முதலில்.
"சொன்னாக் கேளுங்க."

கணுக்காலுக்கு ஏறியிருந்தது தண்ணீர்.