வெளியில் சொல்ல ஒரு நோய்

நீடாமங்கலத்தில் கேட் போட்டாயிற்று.
சரக்கு ரயில் முன்னே போய்ப் பின்னே வந்து
மனசு மாறிப் புறப்படும்வரை
மன்னார்குடி பஸ், கல்யாணக் கார்,
வைக்கோல் டிராக்டர், எல்லாம் நிற்கும்.
நான் நின்ற இடத்திலேயே
குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன்.
பதினொன்று, பன்னிரண்டு.
பைக்கில் ஒரு பையன் பார்க்கிறான்.
பார்க்கட்டும்.

முப்பத்தொரு வருஷம் கொள்முதல் நிலையத்தில்
மூட்டை தூக்கியவன் நான்.
"உடற்பயிற்சி பண்ணணும் தனக்கோடி"
என்று திருவாரூர் டாக்டரம்மா சொன்னபோது
சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அது சுமை. இது நடை.
நல்ல ஷூவா ஒண்ணு வாங்குங்க."

ஷூ.

இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால்
தாம்பரத்தில் ஒருவர் தாளிலிருந்து முகம் தூக்காமல்
"ரெண்டு வருஷம்" என்றார்.
அன்றிலிருந்து எதையும் நாள்பட உழைக்கிற மாதிரி
நான் வாங்கியதில்லை.
ரப்பர் செருப்பு. பிளாஸ்டிக் குடம்.
ஆடிய பல்லைக் கட்டிக்கொள்ளவில்லை,
ரெண்டு வருஷத்துக்கு என்னத்துக்கு என்று.
கன்னத்தைக் குழியாக்கிய அந்தப் பழைய மாத்திரை போய்
வேறு வந்து, அதுவும் போய்,
இப்போது ராத்திரிக்கு ஒன்றே ஒன்று.
கிருமி எண்ணிக்கைக்கே அகப்படுவதில்லையாம்.

"தூங்குது," என்றார் டாக்டரம்மா.
"ஆனா உள்ள உமி கனன்ற மாதிரி
ஒரு சூடு இருந்துக்கிட்டேதான் இருக்கும்.
அது ரத்தக் குழாயில படியும்."
மருந்துச் சீட்டைத் திருப்பி
மூன்று கிளையாக ஒரு படம் போட்டார்.
"மூணாறு தலைப்பு மாதிரியா?" என்று கேட்டேன்.
ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், அவருக்குத் தெரியவில்லை.
நான் சொன்னேன்:
வெண்ணாறு வந்து மூன்றாய்ப் பிரியும் இடம்.
ஒரு ஷட்டரில் ஆகாயத்தாமரை அடைத்தாலும்
கடைமடையில் நாற்று கருகும்.
"அதேதான்," என்று பேனாவை மூடினார்.

அதனால் விடியலில் வெண்ணாற்றங்கரை.
முதல் வாரம் பாலம் வரை. மூச்சு இரைத்தது.
ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் நாய்கள்.
மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த அன்று
அடுத்த மதகு வரை போய்விட்டிருந்தேன்.
ஷூவுக்குள் விரல்கள் மரத்துத்தான் கிடந்தன.
எனக்கு முன்னால் நுரை போயிற்று.

கரையில் நடக்கிற எல்லோருக்கும் சர்க்கரை.
கேட்டால் அதைத்தான் சொல்வார்கள்.
நானும் கைவசம் பொய்கள் வைத்திருந்தவன்தான்:
தாம்பரம் என்றால் தங்கச்சி வீடு,
மாத்திரை என்றால் அல்சர்,
அஞ்சலை செத்தது மஞ்சள் காமாலையில்.
காமாலை என்று சொன்ன வாயால்தான்
அவளுக்குப் பாலும் ஊற்றினேன்.

சர்புதீன் கடையில் ஒரு நாள்
"என்ன, உங்களுக்கும் சுகரா?"
"இல்ல. ஹார்ட்டு."

கடையே திரும்பியது.
ரெண்டு ஸ்டென்ட் வைத்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற வந்தார்.
இஞ்சிச் சாறு, பூண்டு, தஞ்சாவூரில் யார் நல்ல டாக்டர்,
ஆளுக்கொரு வைத்தியம்.
"உட்காருங்க, உட்காருங்க" என்று
பெஞ்சில் ஒருவர் நகர்ந்துகொண்டார்.
நகர்ந்தது எனக்கு இடம் விட.
தோளில் ஒரு கை. யாருடையது என்று
திரும்பிப் பார்க்கவில்லை,
எடுத்துவிடுவார்களோ என்று.
கண்ணாடி கிளாஸில்தான் டீ வந்தது.
எல்லோருக்கும் வந்த கிளாஸ்.

சொன்னது உண்மைதான்.
முழுசும் இல்லை.
மிச்சம் இடுப்புப் பையில், தாளில் மடித்து,
ராத்திரி ஒன்பது மணிக்கு.

ரயில் கடைசியில் போகிறது.
கேட் ஏறுகிறது. பின்னால் ஹாரன்,
"யோவ் பெரியவரே!"

முப்பத்தாறு.
முப்பத்தேழு.
இருங்கப்பா,
நாற்பது முடித்துவிட்டு வருகிறேன்.