இடது பின்கதவு

பதினெட்டாயிரம் என்றேன்.
ஷெணாய் சார் சிரித்தார்.
"எங்க அபார்ட்மெண்ட்ல மாசம் அறுநூறுக்கு
தினமும் தொடைக்கிறான்."

ஆமாம் சார், அவன் துணியின் கையெழுத்துதான் இது
என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
கறுப்பு பானெட் முழுக்க
சிலந்தி நூற்றதுபோல் வட்டக் கீறல்கள்.
ஹெண்ணூர் மெட்ரோத் தூண்களின் சிமெண்டுத் தூசியை
மாசம் அறுநூறுக்கு
அரைத்துப் பூசியிருக்கிறான்.

மெஷினுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு,
பிரிச்சுச் சொல்லுங்க என்றார்.
களிமண் கட்டி, காம்பவுண்டு, மூன்று பஞ்சு வட்டு,
மாஸ்கிங் டேப், கரண்ட்,
எனக்கும் இம்தியாசுக்கும் பதினாறு மணி நேரம்.
போனில் கூட்டினார். பதினொன்று வந்தது.
மீதி ஏழு?

மீதி ஏழு, எங்கே நிறுத்துவது என்பதற்கு.
பெயிண்டின் மேல்தோல்
ஒரு மயிரிழைத் தடிமன்கூட இல்லை.
தேய்த்தால் யார் கைக்கும் பளபளக்கும்,
விளிம்பு வரும்போது கை தானாக லேசாக வேண்டும்.
அந்த லேசுக்கு
ஒரு ஹோண்டா சிட்டியின் பம்பர் ஓரத்தைப்
பலி கொடுத்தவன் நான்.
நாலு மாசச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அதை எந்த வரியில் எழுத?

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை.
"கைவேலை சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அளவுமானியை எடுத்தேன்.
பானெட் நூற்றுப்பத்து. கூரை நூற்றெட்டு.
வலது பின்கதவு நூற்றுப்பன்னிரண்டு.
இடது, முந்நூற்று நாற்பது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
முந்நூற்று நாற்பத்தொன்று.
இம்தியாஸ் என்னைப் பார்த்தான்,
பிறகு வாளியைப் பார்த்தான்.

"சார், இது கம்பெனிப் பெயிண்டு இல்ல.
உள்ள பட்டி இருக்கு. பலமா அடி வாங்கின கதவு."

மார்ச்சில் வாங்கினாராம், கோரமங்களாவில்.
டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரு கீறல் கிடையாது
என்றானாம் புரோக்கர்.
சொல்லிக்கொண்டே கதவைத் தொட்டார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல், புறங்கையால்.

வெளியே ஒரு தண்ணி லாரி
ரிவர்ஸில் பாடிக்கொண்டே போய் முடித்தது.

"வண்டி மதிப்பே எறங்கிப்போச்சே,
நீங்களும் கொஞ்சம் எறங்குங்க."

பட்டி போட்ட கதவுக்கு
இன்னும் மெதுவாகப் போகவேண்டும், ரெண்டு மணி நேரம் கூடும்
என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
பதினேழரை என்றது வாய்.

அளந்து சொன்னதற்கு
அவரும் எவ்வளவு என்று கேட்கவில்லை.
இம்தியாஸ் அதற்குள் டேப்பைக் கிழித்து
கைப்பிடியைச் சுற்றி ஒட்டத் தொடங்கியிருந்தான்,
அந்தக் கதவில்.