பின்சக்கரத்துக்கு நாற்பது கம்பி

வேனில் எனக்கு ரெண்டு ஆள் கணக்கு.
பூமிநாதன் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்,
மாதக் கடைசியில், டீசல் காசு பிரிக்கும்போது.
நானும் சிரிக்காமல் கொடுத்தேன்.
மறுநாளிலிருந்து நடை,
வேதாளையிலிருந்து மண்டபம் நண்டுக் கம்பெனிவரை,
உடைமுள் கையை உரச.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்
எல்லாருக்கும் ஒரே அளவு.
மிதித்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும்.
அகட்டி மிதித்தால் பையன்கள் தவளை என்பார்கள்.
கிறிஸ்துமஸுக்குள் ஏழு கம்பி போயிற்று.
பிறகு தம்பி ஓட்டினான்.
அவனுக்குப் பொருந்தியது,
செருப்பு, நாற்காலி, பஸ் சீட்டு எல்லாம் பொருந்துவதுபோல.

ராம்நாட்டில் மூன்று கடை ஏறினேன்.
முதல் கடையில் லேடீஸ் சைக்கிள் மட்டும் காட்டினார்கள்,
கூடை வைத்தது, பூப் போட்டது.
இரண்டாவதில் கியர் வண்டி, தடித்த டயர்.
'நூறு கிலோவரைக்கும்தான் கேரண்டி'
என்று அட்டையைப் படித்த பையன்
முடிந்த பிறகும்
அட்டையையே படித்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவதில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

உச்சிப்புளி கலந்தர்தான் கேட்டார்:
'உயரம் கிடக்கட்டும், கால் எவ்வளவு நீளம்?'
அளக்க அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.
தங்கூசி கொஞ்சம் அறுத்துக் கையில் கொடுத்தார்.
வீட்டுக் கதவைச் சாத்தி, சுவரோடு நின்று,
தொடையிடுக்கில் நோட்டுப் புத்தகம் செருகி
அங்கிருந்து தரைக்கு ஒரு முடிச்சு.
தோளிலிருந்து விரல்நுனிக்கு இன்னொன்று.
'எடையும் வேணும். குறைக்காம சொல்லணும்.'

எல்லாரும் சோற்றுக்குப் போன நேரம்
பெட்டி நிறுக்கும் தராசில் ஏறினேன்.
மிஷின் சீட்டுத் துப்பியது:
நண்டு, முதல் தரம், 121.400.
அதையே மடித்துக் கொடுத்தேன்.
கலந்தர் விரித்துப் படித்தார்.
'முதல் தரம்' என்றார்,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் ஒரு டபுள் பார் வண்டி கிடந்தது.
ஐஸும் சீலாவும் ஏற்றி ஓடியது,
பழைய முதலாளி மொபெட் வாங்கியதும்
விட்டுப்போனது.
துருவைச் சுரண்டினால் உள்ளே மீன் வாடை.
'இதுக்குச் சுமை புதுசில்ல.'
பம்புசெட் குழாயில் சீட்டுக்கு நீளக் கால் கடைந்தார்,
ஹேண்டிலை உயர்த்தினார்.
பின்சக்கரத்துக்குத் தடித்த கம்பி, நாற்பது.
ஒவ்வொன்றாகச் சுண்டிச் சுண்டிக் காது கொடுத்தார்,
எல்லாம் ஒரே குரலில் பேசும்வரை.
மூன்று வாரம் ஆயிற்று.

'ஆம்பள வண்டியாச்சே, பாரை எப்படித் தாண்டுவ ஜெனோவா?'
என்றாள் ரமீஜா.
தாண்டினேன்.
அதற்குத்தானே இந்தக் கால்.

பெடலில் குதிகால் வைத்தால் கால் நேர்,
முன்பாதம் வைத்தால் முட்டியில் ஒரு சின்ன மடிப்பு.
'அந்த மடிப்புத்தான் சைக்கிள்,
மத்ததெல்லாம் இரும்பு' என்றார் கலந்தர்.
எனக்கு முட்டி இருப்பதே
அன்றைக்கு மறந்துபோயிற்று.

ஆடியில் கச்சான்.
காலையில் முதுகு முழுக்கப் பாய்,
மிதிக்காமலே மரைக்காயர்பட்டினம் தாண்டுகிறேன்.
மாலையில் அதே காற்று எதிரில்.
ஒல்லிகள் இறங்கி உருட்டிப் போகிறார்கள்.
எனக்கும் மூச்சு வாங்குகிறது, இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் வண்டி ஆடுவதில்லை.

சீட்டு இன்னும் சரியில்லை.
ஒரு ஸ்பிரிங் படுத்துவிட்டது,
புல்லட் சீட்டு கிடைக்குமா என்று தேடுகிறார்.
பூட்டு வாங்கவில்லை.
ரமீஜா ஏறிப் பார்த்தாள், பெடல் எட்டவில்லை.
தம்பிக்கும் எட்டவில்லை.
அவன் இறங்கிய விதத்தை
ரெண்டு தடவை செய்துகாட்டச் சொன்னேன்.

வேன் கடக்கும்போது பூமிநாதன் ஹாரன் அடிக்கிறார்.
நான் மணி அடிக்கிறேன்.
மணி மட்டும் சின்னது,
பள்ளிக்கூடத்துச் சைக்கிளில் கழற்றியது.