கழுவாத கோப்பை

டிசம்பர், வியாழக்கிழமை, மூன்றரை மணி.
கெமியில் இருட்டி ஒன்றரை மணி நேரமாகிறது.
மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பனி ஒட்டிய பூட்ஸைக் கதவருகே கழற்றிவிட்டு
நாலு பேரும் காலுறையோடு உள்ளே போகிறோம்.
யார்மோவின் இடது கட்டைவிரல்
ஓட்டை வழியே எட்டிப் பார்க்கிறது.
தைத்துக் கொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.
ஏன் நான் தைக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.
இருபது வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான்
குடித்தனம்.

சினிக்கா நாற்காலிகளைக் காட்டுகிறாள்.
"வீட்டில் எப்படியோ, அப்படி
நகர்த்திப் போட்டு உட்காருங்கள்."
யாரும் அசையவில்லை.
ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்று சூடாகிறது.

முதலில் எழுந்தவன் வெய்க்கா. பதினொரு வயது.
நாற்காலியைக் கதவோரமாக இழுத்துக்கொண்டு போனான்.
ஏன் அங்கே?
"சாவி சத்தம் இங்கதான் நல்லா கேக்கும்.
ஒரே தடவைல பூட்டுக்குள்ள போயிட்டா ஒண்ணுமில்ல.
சுரண்டிச்சுன்னா
அக்கா ரூமுக்குப் போயிடுவேன்."
நாளைக்குப் பனி பெய்யும் என்று
ரேடியோவில் சொல்வார்களே, அந்தக் குரலில்.

ஓனா தன்னுடையதைச் சுவர் பார்க்கத் திருப்பினாள்.
யார்மோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
நடுவில் வைத்தார், மூலைக்குப் போனார், திரும்பி வந்தார்.
கடைசியில் தூக்கியபடியே நின்றார்.
"என் இடம் எதுன்னு தெரியல."

என் முறை வரவே இல்லை.
நான் உட்காரவே இல்லை என்பதை
சினிக்கா சொல்லித்தான் கவனித்தேன்.
அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்,
விழுந்தால் பிடிக்கவோ
ஓடினால் பிடிக்கவோ.

"குடிக்காத இந்த எழுபத்து நாலு நாளில்
எது கஷ்டமாக இருந்தது?"
கேள்வி அவருக்குத்தான்.
சுவரைப் பார்த்தபடி ஓனா பதில் சொன்னாள்.
"அப்பா சூப் வைக்கறது.
முன்னாடி கத்துவார். கதவைச் சாத்திக்குவேன்.
இப்ப பட்டாணி சூப்பை வெச்சிட்டு
உப்பு போதுமான்னு கேக்கறார்.
அதுக்கு எந்தக் கதவைச் சாத்தறது?"

யாரோ சிரித்தார்கள். நான்தான்.
அது சிரிப்பாகவே முடியவில்லை.

பிறகு என் வாய் தானாகச் சொன்னது:
விறகுக் குவியலுக்குள் கை விட்டுத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.
சௌனா பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடிப்பதையும்.
ஆனால் காலையில் அவர் வேலைக்குப் போனதும்
அவருடைய காபிக் கோப்பையை எடுத்து
மோந்து பார்க்கிறேன்.
தினமும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை.
கண்கொத்திப் பாம்பு மாதிரி ஆகிவிட்டேன்.
எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

யார்மோ நாற்காலியைக் கீழே வைத்தார்.
தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே,
"தெரியும்" என்றார்.
வெகு நேரம் கழித்து,
"அதான் கழுவாம வச்சிட்டுப் போறேன்."

இதற்குப் பிறகு நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம்
என்று எழுத ஆசைதான்.
மணி நாலரை ஆகிவிட்டது.
அடுத்த குடும்பம் வெளியே பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தது.
படியில் இறங்கும்போது வெய்க்காவின் கையுறை ஒன்றைக் காணோம்;
நாலு பேரும் குனிந்து தேடினோம்.
அது அவன் பாக்கெட்டிலேயே இருந்தது.

இன்று வெள்ளி. எழுபத்தைந்து.
கோப்பை தொட்டிக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில்.
எடுத்தேன். மோந்தேன்.
ஒரு வியாழக்கிழமையில் திருந்துகிற மூக்கில்லை இது.
காபி. வெறும் காபி.
இத்தனை நாளும் மூக்கை வைத்தேனே தவிர
கண்ணை வைத்ததில்லை:
அடியில் கரையாமல் படிந்திருக்கிறது
சர்க்கரை.

சர்க்கரை போடாத மனிதர்.
எப்போதிலிருந்து?

சாயங்காலம் வரட்டும்,
கேட்க வேண்டும்.