ஆசிரியர் குறிப்பு

சாந்தியாகோவிலிருந்து பதிப்பாளர் எழுதுகிறார்:
பின்னட்டைக்கு உங்களைப் பற்றி
ஐம்பது சொல்லுக்குள்.
புகைப்படம் இருந்தால் நல்லது, சிரிக்க வேண்டாம்.

எழுதிப் பார்க்கிறேன்.
எதுவீனா பாரியென்தோஸ், பிறந்தது புந்தா அரேனாஸ்;
காற்று முற்றிய நாள்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்
பிடித்துக்கொண்டு நடக்க.
இதற்குள்ளேயே பாதி போயிற்று.
கயிற்றை எடுத்துவிடுகிறேன்.

பதினேழு வயதில் கம்பளிக் கிடங்கு.
விரல்நுனி பட்டதுமே சொல்வேன்
முதல் தரம், மூன்றாம் தரம்.
ஆட்டுக் கொழுப்பு ஊறிய கை
தொட்ட காகிதமெல்லாம் கண்ணாடி.
என் முதல் கதையைப்
பின்பக்கமிருந்தும் படிக்கலாம்.

அப்புறம் எடைமேடை, இரவு முறை.
லாரி வரும்போது ஓர் எண்,
போகும்போது ஓர் எண்,
கழித்தால் கிடைப்பதுதான் சரக்கு.
எழுத்தும் அப்படித்தான் என்று
பேட்டிகளில் சொல்லிச் சொல்லி
எனக்கே சலித்துவிட்டது.

படகுத்துறையில் சீட்டுக் கிழித்தேன்.
ஒரே ஒரு கோடை, நண்டுப் பெட்டிகளுக்கு ஆணியடித்தேன்,
இடது பெருவிரல் இன்னும் மழையை முன்கூட்டிச் சொல்லும்.
மூன்று நாவல். ஒரு பரிசு.
பரிசுப் பணம் கூரைத் தகரமாயிற்று.

கணக்குப் பார்த்தால் நாற்பத்தெட்டு.
இரண்டு சொல்லுக்கு இடமிருக்கிறது:
தொலைபேசி நிலையம்.

எழுதி, அடிக்கிறேன்.

ஆறு வருஷம் அங்கே.
இணைத்துவிட்டு விலகிவிட வேண்டும், அதுதான் விதி.
ஒரு ஜூலை இரவு நான் விலகவில்லை.
நீரிணைக்கு அப்பால் எண்ணெய்க் கிணற்று முகாமுக்கு
இணைப்புக் கேட்டவள், பெயர் எர்மெலிந்தா,
கணவனிடம் சொன்னாள்:
காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.
நீ சாப்பிட்டாயா?

என் இரண்டாம் நாவலின் கடைசி வரிகள் அவை.
விமர்சகர்கள் எல்லோரும் மெச்சியது
அவற்றை மட்டும்தான்.

போன வருஷம் நகர நூலகத்தில்
வாசித்து முடித்த பிறகு
கையெழுத்துக்கு நின்ற வரிசையில் ஒரு கிழவர்.
எண்ணெய்க் கம்பெனிச் சட்டை, சாயம் போனது.
கடைசிப் பக்கத்தைத் திறந்தே நீட்டினார்.
யார் பெயருக்கு என்றேன்.
எர்மெலிந்தா என்றார்.
மேலே ஒன்றும் கேட்கவில்லை, அவரும் நானும்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு
காற்றுக்குள் போனார்.

நாற்பத்தெட்டோடு அனுப்பிவிட்டேன்.
பதிப்பாளருக்குத் திருப்தி.
வேலைகளையும் வருஷங்களையும் மட்டும்
ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார்,
நடுவில் ஆறு வருஷம் காணவில்லையாம்.

அச்சுப்பிழை இல்லை என்று பதில் போட்டேன்.