முப்பத்தாறு ஓட்டை

பதினெட்டாயிரத்து நானூறு.
காமன்ற்ஸில் நாலு மாத ஓவர்ரைம்,
பெருவிரல் நகத்துக்குள் போன ஊசி ஒன்றும் அதில் அடக்கம்.

போனில் பார்த்த காபன் சில்லு
சோடி இரண்டரை இலட்சம்.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
கம்பி கம்பியாக.
பிறகு அம்மாவின் லோன் கொப்பியை எடுத்து
வாற செவ்வாய்க்கு எவ்வளவு என்று பார்த்தேன்.
இன்னும் பதினொரு தவணை.

என் சைக்கிள் ஜப்பானில் யாரோ ஓடி அலுத்தது.
கப்பலில் வந்து, வவுனியாவில் கைமாறி,
பஸ் கூரையில் கயிற்றோடு கிளிநொச்சிக்கு வந்தது.
பிறேம் இறகு.
சில்லு மட்டும் நடுவில் எவனோ மாற்றிப் போட்ட
இரும்பு.

எவ்வளவு இரும்பென்று தெரியவேணும்.
கரடிப்போக்குச் சந்தியில் கருவாடு விற்கிற யூஜினிடம்
பின்சில்லைக் கழற்றிக்கொண்டு போனேன்.
தராசில் இரண்டு கிலோ நூற்றைம்பது.
"கட்டாக் கருவாடெண்டால் நல்ல காசு" என்றான்.
சிரிக்கவில்லை. உண்மையாகவே கணக்குப் பார்த்தான்.

ரஜிதரன் சொன்னது:
காசு குறைவெண்டால் முதல் ரயர்.
பிறகு பின்சில்லு. முன்சில்லை மறந்துவிடு.
எதை வாங்க முதலும் எனக்கொரு கோல் எடு.

நான் எடுக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை வவுனியா பழைய சாமான் கடையில்
ஒரு அலுமினிய ரிம்
ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஆறாயிரத்து ஐந்நூறு.
தட்டினேன், மணிபோலக் கேட்டது,
அந்தச் சத்தத்துக்கே கொடுத்துவிட்டேன்.
தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏற
அதற்கும் அரை ரிக்கற் என்றான் கொண்டக்டர்.
ஓமந்தை தாண்டும்வரை வாதாடித் தோற்றேன்.

ரஜிதரன் விரலால் எண்ணினான்.
பிறகு மறுபக்கமாக இன்னொருமுறை.
"ரிம்மில முப்பத்திரண்டு.
உன்ர ஹப்பில முப்பத்தாறு."
வேறொன்றும் சொல்லவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனான்.

நாலு ஓட்டை.
ஒரு நாளைக்கு அறுநூறு பொத்தான் ஓட்டை
பிழையில்லாமல் அடிக்கிறவள் நான்.

இரும்புச் சில்லைப் பாக்கியநாதன் எடுத்தார்,
விறகு கட்டுகிற சைக்கிளுக்கு, இரண்டாயிரம்.
மல்லாவியில் ஒருவன் ரிம் நெளிந்த சில்லொன்றை
நடுவை மட்டும் வெட்டித் தந்தான்.
எண்ணினேன். முப்பத்திரண்டு.
அவன் முன்னாலேயே திரும்பவும் எண்ணினேன்.
கம்பி, ரயர், கூலி எல்லாம் போக
கையில் இருநூற்றைம்பத்தைந்து.
இரண்டு வடை, ஒரு பிளேன்ரீ.

திரும்பவும் தராசு. ஒரு கிலோ அறுநூறு.
ஒரு இறாத்தல் பாணும்
அதுக்கு மேலே நூறு கிராம் சீனியும் குறைந்திருக்கிறது.
இத்தனை நாளும் அந்தப் பாணை
முறிகண்டிவரை கொண்டுபோய்த்
தின்னாமலே திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதல் ஓட்டம், வேலைக்கு முன், விடிய ஐந்தரைக்கு.
சோளகம் நேரே முகத்தில்.
காப்பெற் ரோட்டில் புது ரயர்
சேலை கிழிவதுபோல ஒரு மெல்லிய சத்தம் போட்டது.
இரணைமடுச் சந்தி கடக்கப் பஸ் ஒன்று முந்தியது,
அதன் பின்காற்றில் கொஞ்சத்தூரம் ஒட்டிக்கொண்டேன்.
அதனால் நேரக் கணக்கு செல்லாது.
திரும்பி வரும்போது காற்றே தள்ளியது,
அந்தக் கணக்கும் செல்லாது.
ஆனால் மிதிப்பதை விட்டபின்னும்
சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது,
எனக்குச் சொல்லாமல் ஏதோ தீர்மானித்ததுபோல.

அம்மா சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு
ஒரு விரலால் பின்சில்லைச் சுற்றிவிட்டாள்.
டிக்டிக்டிக்டிக்.
"காசைக் குடுத்துச் சத்தமோ வாங்கினனீ?"
நிற்கும்வரை கேட்டுவிட்டு
இன்னொருக்கால் சுற்றினாள்.

செவ்வாய்க்கிழமை லோன்காரன் மோட்டார்சைக்கிளில் வந்தபோது
என் சைக்கிள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்.
முன்சில்லு மட்டும் வெளியே தெரியும்படி
அம்மாதான் நிறுத்தியிருந்தாள்.